ஆவுடையப்பனுக்குப் பயாஸ் ஏற்றிய நாள்

மலையிடுக்கில் நுழைந்த காற்று மூச்சிரைக்க இறங்கி வருகிற பக்கத்தில், சுற்றிலும் இருநூறு காற்றாடிகள் இரவும் பகலும் கரண்டு அரைத்துக்கொண்டிருந்தாலும் ஊருக்குள் ஒரு பொழுது கரண்டு இருந்தால் மறு பொழுது இல்லாத செண்பகவிளை என்ற ஊரில், பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, தென்றல் ஜெராக்ஸ் என்ற கடையில், ஓர் ஆடி வெள்ளிக்கிழமை காலை பதினொன்றே காலுக்குக் கரண்டு போனது, மேசைக்கு அடியில் இருந்த பழைய கம்ப்யூட்டர் அணைந்தது, குனிந்து அதன் தலையில் ஒரு கையை ஊன்றி நின்றிருந்த கடைக்காரர் ஆவுடையப்பனும் அணைந்துபோனார். விழவில்லை. கண் திறந்திருந்தது, உடம்பு சூடாக இருந்தது, பேச எடுத்த வாய் பாதியில் நின்றிருந்தது. அவர் மனைவி பிரம்மசக்தி, ஊருக்குப் பிரமு, உலுக்கிப் பார்த்தாள், தண்ணீர் தெளித்தாள், காதுக்குள் கத்தினாள். முக்கால் மணி நேரம் கழித்துக் கரண்டு வந்ததும், செய்வதறியாத கை எதையாவது செய்யுமே, அப்படி அவள் கை கம்ப்யூட்டரின் பொத்தானை அமுக்கியது. அது ஒரு தரம் பீப் என்றது. ஆவுடையப்பன் ஒரு தரம் விக்கினார், கண்ணைச் சிமிட்டினார், "எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்" என்றார்.

அந்தப் பெட்டிக்குள் இருந்த காசு அளவு பேட்டரி செத்துப்போய் வெகு நாளாகியிருந்தது. அணைத்துப் போடும்போதெல்லாம் அது இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடம் ஜனவரி ஒன்றாம் தேதிக்குப் போய்விடும். இனி ஆவுடையப்பனும் அப்படித்தான் என்பதை ஊர் ஒரு வாரத்தில் புரிந்துகொண்டது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்து, ஃபேன் ஓடுகிற சத்தம் மாதிரி கேட்கிறது என்று சொல்லி, சீட்டில் "கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது" என்று எழுதி, சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்ற கட்டத்தில் கோடு போட்டுக் கொடுத்தார். மின்வாரியத்து லைன்மேன் சூசை, எந்தக் கம்பத்தில் ஏறுவதானாலும் ஏறுவதற்கு முன்னால் கடைக்கு வந்து, "மைனி, அரை மணி நேரம் நிறுத்தப்போறேன், அண்ணாச்சிய உக்கார வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினான். நின்றபடி அணைந்தால் கால் மரத்துப்போகும் அல்லவா. கரண்டு வந்து அவர் விழித்துப் புத்தாண்டு வாழ்த்து சொன்னால், ஆவணியாக இருந்தாலும் சரி, ஐப்பசி அடைமழையாக இருந்தாலும் சரி, கடையில் இருக்கிறவர்கள் யாரும் சிரிக்காமல் "உங்களுக்கும் அண்ணாச்சி" என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது ஊர்ப் பழக்கமாயிற்று. பெட்டிக்கு ஞாபகமான ரேம் பட்டையைக் கழற்றிப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டிய அன்றைக்கு அவர் தான் படித்த ஐந்தாம் வகுப்பின் வருகைப் பதிவேட்டை நாற்பத்திரண்டு பேரும் தவறாமல் ஒப்பித்தார். யாரோ ஒருவருடைய பென் டிரைவிலிருந்து வைரஸ் ஏறிய வாரம் கேட்ட கேள்விக்கெல்லாம் மூன்று தரம் பதில் சொன்னார். பக்கத்து ஊர்க்காரர்கள் பேருந்தில் கிண்டல் பண்ணினால், உங்க ஊர்ல கரண்டு போனா வெறும் இருட்டுதானே வருது, என்று செண்பகவிளைக்காரர்கள் கொஞ்சம் பெருமையாகவே திருப்பிக் கேட்டார்கள்.

மற்றபடி அவர் அவர்தான். ஒரு தாளை ஜெராக்ஸ் எடுக்கக் கொடுத்தால் முதல் வரியிலிருந்து கையெழுத்து வரைக்கும் உதடசைத்துப் படித்துவிட்டுத்தான் கண்ணாடியில் வைப்பார் என்கிற கெட்ட பழக்கம் அப்படியே இருந்தது. கடைக்கு வருகிறவர் யாராயிருந்தாலும் தோள் துண்டால் ஸ்டூலைத் தட்டித் துடைத்துவிட்டுத்தான் உட்காரச் சொல்லுவார், அதுவும் அப்படியே இருந்தது. அணைந்த அந்த முதல் காலையின் கடைசி நிமிடம் மட்டும் அவரிடம் இல்லை. அது பெட்டியிலும் பதியவில்லை. பிரமுவுக்கு மட்டும் அது பதிந்திருந்தது, ஆனால் அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை, சொல்லாத காரணத்தால் அவளுக்கு மூன்று வருடமாகச் சோறு இறங்கவில்லை, பெட்டியின் ஃபேன் சத்தம் லேசாக மாறினாலும் தூக்கிவாரிப்போட்டு எழுந்து உட்கார்ந்தாள், அம்மன் கொடைக்குக்கூடப் பிறந்த ஊருக்குப் போகாமல் பெட்டிக்கும் புருஷனுக்கும் நடுவில் காவல் கிடந்தாள்.

மூன்று வருடம் முடியப்போகிற ஆனி மாதம் பெட்டி ஹேங் ஆக ஆரம்பித்தது. முதலில் வாரத்துக்கு ஒரு தரம், பிறகு நாளுக்கு ஒரு தரம், பிறகு நாளுக்குப் பதினைந்து தரம். ஆவுடையப்பன் காப்பித் தம்ளரை வாய்க்குக் கொண்டுபோன மேனிக்கு நின்றார். காப்பியில் ஏடு படிந்தது, ஈ விழுந்தது. அணைத்துப் போட்டால் வருவார், ஆனால் வருகிற நேரம் நீண்டுகொண்டே போனது. பத்து நிமிடம், இருபது நிமிடம். ஆடி பிறந்த அன்று பொத்தானை அமுக்கி நாற்பது நிமிடம் பிரமு அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள். அந்த நாற்பது நிமிடத்தில் அவருடைய கட்டைவிரல் நகம் நீலம் பாரித்துப்போனதை அவள் பார்த்தாள். பார்த்த பிறகு அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிற ஷீபா டீச்சர் வந்து பெட்டியைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, ஒரு நாள் முழுக்க அதனுடன் மல்லுக்கட்டினாள்.

"அக்கா, பதினாலு வருசத்துப் போர்டு இது. போன மாசம் புது ஹார்டு டிஸ்க் போட்டோம்லா, அதை இதுக்கு அடையாளம் தெரியல. அதான் தடுமாறுது. பயாஸ் மாத்தணும்."

"அது என்னது டீச்சர்?"

"நாம முழிச்சதும், நாம யாரு, கை எங்க இருக்கு, காலு எங்க இருக்குன்னு தெரிஞ்சுதானே எந்திரிக்கோம்? கம்ப்யூட்டருக்கு அந்த மொத நெனப்பு ஒரு சின்ன சில்லுல எழுதியிருக்கும். அதுதான் பயாஸ். பழைய எழுத்த அழிச்சிட்டுப் புது எழுத்து எழுதணும். கம்பெனிக்காரன் இந்த மாடலைக் கைவிடுறதுக்கு முன்னால கடைசியா ஒண்ணு வெளியிட்டிருக்கான்."

"எழுதிருங்க டீச்சர்."

ஷீபா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்லா ஓடுற பெட்டியில இதுல கையே வைக்கக் கூடாதுக்கா. எங்க பிள்ளைங்களுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுக்கேன். அழிச்சதுக்கும் எழுதினதுக்கும் நடுவுல கரண்டு போச்சுன்னா, அவ்வளவுதான். அப்புறம் பொத்தானை அமுக்கினா பீப்கூட வராது."

பிரமு புருஷனைப் பார்த்தாள். அவர் யாருக்கோ ஆதார் அட்டையை ஜெராக்ஸ் எடுக்கப் படித்துக்கொண்டிருந்தவர், பிறந்த தேதி வரைக்கும் வந்து நின்றுபோயிருந்தார்.

"நடத்துங்க" என்றாள்.

அதன் பிறகு ஷீபா, தாலி கட்டுகிற நேரம் பார்க்கிறவர்களைவிடக் கவனமாக ஒவ்வொன்றாகப் பார்த்தாள். போர்டின் பேர் மட்டும் போதாது, அதே பேரில் இரண்டு வகை உண்டு, மாற்றி ஏற்றினால் செத்துப்போகும் என்று சொல்லி, போர்டில் அட்டை செருகுகிற இரண்டு பள்ளங்களுக்கு நடுவில் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்து மூன்று பேரைப் படிக்கச் சொல்லி, மூன்று பேரும் ஒரே எண்ணைச் சொன்ன பிறகே எழுதிக்கொண்டாள். கம்பெனியின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் கோப்பை இறக்கினாள். புதுப் பென் டிரைவைத் துடைத்து அதை மட்டும் அதில் போட்டாள். காசு பேட்டரியை மாற்றினாள், வெகு நாளாகச் சும்மா கிடந்த யூபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கி முழுதாகச் சார்ஜ் ஏற்றினாள், அது எட்டு நிமிடம் தாங்கும் என்று கணக்குப் பார்த்தாள். கடைசியாக, "பழைய செட்டிங் எல்லாத்தையும் குறிச்சு வெச்சுக்கணும்க்கா, புதுசு ஏறினா எல்லாம் மொதமொதல்ல இருந்த மாதிரி ஆயிரும், நாமதான் திரும்ப ஒவ்வொண்ணாச் சொல்லிக்கொடுக்கணும்" என்று சொல்லி, திரையைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

ஷீபா சொன்னது பெட்டியை. பிரமு கேட்டுக்கொண்டது ஆளை. அவள் ஒரு நோட்டு வாங்கி, ஒவ்வொரு தாளிலும் முன்பக்கம் மட்டும், மேலே எண் போட்டு, மூன்று நாள் உட்கார்ந்து எழுதினாள். காப்பிக்குச் சர்க்கரை அரைக் கரண்டி. இடது பக்கம் சாய்ந்து படுத்தால்தான் தூக்கம் வரும். பல்லி என்றால் பயம், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போது கை நடுங்கி என் மூக்குத்தியில் மாலை மாட்டிக்கொண்டது. பிள்ளை இல்லையென்று நான் அழுத இரவில் விடியவிடிய என் காலைப் பிடித்துவிட்டார், ஒரு வார்த்தை பேசவில்லை. நாற்பத்தொரு பக்கம் வந்தது. முப்பத்தொன்பதாம் பக்கத்தில், மூன்று வருடத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை பதினொன்றே காலின் கடைசி நிமிடத்தை எழுதினாள். எழுதி, படித்து, அதை மட்டும் கிழித்து நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை பத்தரைக்கு ஷீபா பெட்டியின் முன் உட்கார்ந்தாள். ஆவுடையப்பனை நாற்காலியில் உட்கார வைத்து, தோளில் துண்டைப் போட்டு, பிரமு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். துணைமின்நிலையத்துக்குப் போன் போட்டு இன்றைக்கு நிறுத்தம் எதுவும் இல்லை என்று கேட்டு வந்த சூசை வாசலில் நின்றான். அவனுக்குப் பின்னால் தெரு நின்றது.

இந்த இடத்தில்தான் ஊர் ஒரு நல்ல காரியம் செய்தது. அண்ணாச்சிக்குக் கரண்டு குறைந்துவிடக் கூடாது என்று யார் முதலில் சொன்னார்களோ தெரியாது, செண்பகவிளையில் எல்லோரும் அவரவர் வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தார்கள். மாவு மில்லை நிறுத்தினார்கள், ஐஸ் கடைப் பெட்டிகளை நிறுத்தினார்கள், தோட்டத்து மோட்டார்கள், கோயிலில் ஓடிய பாட்டு, தையல் கடை, பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்த டிவி எல்லாவற்றையும் நிறுத்தினார்கள். உண்டியலில் போடுகிற மாதிரி ஆளாளுக்குத் தங்கள் பங்குக் கரண்டை மிச்சம் பிடித்து அவருக்கென்று விட்டுவைத்தார்கள்.

ஷீபா எண்டரைத் தட்டினாள். திரையில் அழிக்கிறது என்று வந்தது. பிறகு எழுதுகிறது என்று வந்தது. ஐந்து சதவீதம், பத்து சதவீதம். ஆவுடையப்பனின் கண் எதையும் பார்க்கவில்லை, உதடு மட்டும், தாள் படிக்கும்போது அசைகிற மாதிரி, லேசாக அசைந்துகொண்டிருந்தது.

பதினெட்டில் யூபிஎஸ் வீரிட்டது.

"கரண்டு போயிட்டா?" என்றாள் பிரமு.

"போகலக்கா, லைட் எரியுது பாருங்க!" என்றாள் ஷீபா. லைட் எரிந்தது. கண்ணைக் கூசுகிற வெள்ளையாக எரிந்தது. சூசை பையிலிருந்து மீட்டரை எடுத்துப் பிளக்கில் செருகிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"முன்னூறத் தொடுது மைனி! ஆடிக் காத்துல அம்புட்டுக் காத்தாடியும் சேர்ந்து தள்ளுது, ஊர்க்காரன் ஒருத்தன்கூட எடுக்க மாட்டேங்கான், வோல்டேஜ் ஏறாம என்ன செய்யும்? பெட்டி கருகிரும்னு யூபிஎஸ் லைனை வெட்டிட்டு பேட்டரிக்குப் போயிட்டு!"

எட்டு நிமிடம். இருபத்தொன்று சதவீதம். பழைய போர்டு, கிழவன் படியேறுகிற மாதிரி ஏறியது. ஷீபா கணக்குப் போட்டாள், கணக்கு வரவில்லை. "யாரும் எதையும் தொட்றாதீங்க" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள். சூசை தெருவில் ஓடினான். ஓடிக்கொண்டே, "போடுங்க! எல்லாத்தையும் போடுங்க! அண்ணாச்சி போயிருவாரு, போடுங்க!" என்று கத்தினான். அவன் குரல் போகாத இடத்துக்குக் கோயில் மைக் போனது. மிக்சியப் போடுங்க, கிரைண்டரப் போடுங்க, இஸ்திரிப் பெட்டியப் போடுங்க, தண்ணி இல்லாட்டாலும் மோட்டாரப் போடுங்க. பெண்கள் அடுப்படிக்கு ஓடினார்கள். ஒன்றும் போடாத கிரைண்டர்கள் கல்லோடு கல் அரைத்துக் கதறின, மாவு மில் வெறும் காற்றை அரைத்தது, ஊரில் இருந்த அத்தனை ஹீட்டர்களும் யாரும் குளிக்கப் போகாத தண்ணீரைக் கொதிக்க வைத்தன.

கடைக்குள் யூபிஎஸ் கத்திக்கொண்டே இருந்தது. நாற்பது சதவீதம். அறுபது. பிரமுவின் கைக்குள் இருந்த கை குளிர்ந்துகொண்டே வந்தது. அவளுக்கு யாரிடம் கெஞ்சுவது என்று தெரியவில்லை. அம்மனிடம் கெஞ்சினாள், பெட்டியிடம் கெஞ்சினாள், பிறகு அவரிடமே, நான் தெரியாமச் சொல்லிட்டேன், நான் தெரியாமச் சொல்லிட்டேன், என்று காதோடு சொன்னாள். யூபிஎஸ்ஸின் கத்தல் நெருங்கி நெருங்கி, நடுவில் மூச்சே விடாத ஒரே அலறலாகி, சட்டென்று நின்றது.

பிரமு கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"வோல்டேஜ் இறங்கிட்டு!" சூசை வாசல் படியில் விழாத குறையாக வந்து நின்றான். "பேட்டரிய விட்டு லைனுக்கு வந்துட்டு டீச்சர், லைன்ல நிக்குது!"

எழுபத்திரண்டு. தொண்ணூறு. நூறு. திரை இருண்டது. பெட்டி ஒரு தரம் பீப் என்றது. ஆவுடையப்பன் ஒரு தரம் விக்கினார். நீலம் பாரித்த நகத்தில் ரத்தம் திரும்பியது. வாசலில் நின்றவர்கள் "உங்களுக்கும் அண்ணாச்சி" என்று சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்கள்.

அவர் புத்தாண்டு வாழ்த்து சொல்லவில்லை. புது பேட்டரி போட்டிருந்தது. எழுந்து, வேட்டியைச் சரிசெய்து, தன் கையைப் பிடித்திருந்த கையைப் பார்த்து, மரியாதையாக அதிலிருந்து தன் கையை விடுவித்துக்கொண்டார்.

"சொல்லுங்கம்மா. எத்தனை காப்பி?"

ஷீபா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வருடம் அவர் அணைந்து அணைந்து விழித்தபோதெல்லாம், இரண்டாயிரத்து ஒன்பதில் விழித்தாலும், முதலில் தேடியது பிரமுவைத்தான். அந்தக் கண் இப்போது அவளை, பேருந்துக்கு நேரமாகிவிட்ட ஒரு வெளியூர்க்காரியைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. உயிரைக் கேட்டோம், உயிர் வந்துவிட்டது, அதற்கு மேல் கேட்க மறந்துபோனோமே என்று பிரமு நினைத்தாள். ஆனாலும் அவள் கை நோட்டை நீட்டியது.

"ரெண்டு காப்பி" என்றாள்.

அவர் நோட்டை வாங்கினார். வாங்கி, பழக்கப்படி, முதல் பக்கத்தை முதல் வரியிலிருந்து உதடசைத்துப் படித்தார். படித்த பிறகு கண்ணாடியில் கவிழ்த்து மூடியை அழுத்தினார். பச்சை வெளிச்சம் அவர் முகத்தில் ஓடியது. இரண்டாம் பக்கம். மூன்றாம் பக்கம். பல்லி பயத்தைப் படித்தபோது லேசாகச் சிரித்தார். மூக்குத்தியில் மாலை மாட்டிய இடத்தை இரண்டு தரம் படித்தார். ஒரு மணி நேரம் ஆனது. வெளியே ஊர் முழுக்க கிரைண்டர்கள் இன்னும் ஓடிக்கொண்டிருந்தன. எதை அணைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்து ஒருவரும் ஒன்றையும் அணைக்கவில்லை.

"யாரும்மா இந்த ஆளு?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு."

"கொடுத்து வெச்ச மனுஷன்" என்றார் ஆவுடையப்பன். முப்பத்தெட்டாம் பக்கத்தை எடுத்துக் கவிழ்த்தார். அடுத்த பக்கத்தைப் புரட்டியவர் விரலை வைத்து நின்றார். "முப்பத்தியெட்டுக்கு அடுத்தாப்புல நாப்பதுல்ல இருக்கு. முப்பத்தொன்பது எங்கம்மா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். யார் கேட்கப்போகிறார்கள். இனி அதை அறிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். ஆனால் பிரமு இடுப்பிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்து, பிரித்து, மடிப்பை நீவிக் கொடுத்தாள்.

அவர் படித்தார். இந்தப் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு நான் சொன்னேன், அவர் மாட்டேன்னு அது தலையில கை வெச்சார். எனக்குக் கோவம் வந்துட்டு. பிள்ளை இல்லாத வீட்டுல இந்தப் பெட்டிதான் உங்களுக்குப் பிள்ளை, பெட்டிதான் உங்களுக்குப் பொண்டாட்டி, அது நிக்கிற அன்னைக்கு நீங்களும் நின்னு போங்கன்னு சொன்னேன். அவர் பதில் சொல்ல வாயத் திறந்தார். கரண்டு போயிட்டு. என்ன சொல்ல வந்தார்னு எனக்குத் தெரியல.

அவர் உதடு நின்றது. தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. கண்ணாடியில் கவிழ்த்து வைத்தார். மூடியை அழுத்தினார்.

அப்போதுதான் பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் டிரான்ஸ்ஃபார்மர் டமார் என்றது. ஒரு மணி நேரமாக ஊர் மொத்தமும் ஏற்றி வைத்த பாரத்தைத் தாங்க முடியாமல் ஃபியூஸ் போனது. கிரைண்டர்கள் ஒவ்வொன்றாக முனகி அடங்கின. பச்சை வெளிச்சம் பாதித் தாளில் நின்றது. பேட்டரி வற்றிப்போன யூபிஎஸ் ஒரு கீச்சோடு ஓய்ந்தது. மேசைக்கு அடியில், மூன்று வருடம் பிரமு காது கொடுத்துக் கிடந்த அந்த ஃபேன், சுற்றிச் சுற்றி, மெதுவாகி, நின்றது.

சூசை ஐயோ என்றான். தெரு ஐயோ என்றது. பிரமு தலையைக் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அந்தப் பாதியில் நின்ற முகத்தைப் பார்க்க இனி அவளுக்குத் தெம்பில்லை.

டப், டப் என்று துண்டால் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது.

"கரண்டு போயிட்டும்மா" என்றது அவர் குரல். "இந்த ஒரு பக்கமும் அதுக்குப் பொறவு ரெண்டும்தான் பாக்கி. வந்ததும் எடுத்துருவேன்." துடைத்த ஸ்டூல் அவள் பக்கம் நகர்ந்து வந்தது. "உக்காருங்க. இருந்து வாங்கிட்டுப் போறீங்களா?"

பிரமு உட்கார்ந்தாள். அழுகை பொங்கி வந்தது, அதை மறைக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

"இருக்கேன்" என்றாள்.

"எப்ப வரும்னு தெரியாதும்மா."

"வரட்டும். நான் இருக்கேன்."